இருக்கப் பழகினால் இரங்க வரும்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தது. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம். சில நாட்களுக்குள் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் ஒரு குடும்பம் சீவித்த வீட்டில் நாலைந்து குடும்பங்கள். எங்கள் வீட்டு விறாந்தையிலும் முன்பின் தெரியாத ஆட்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். கிணற்றடியில் வாளியோடு வரிசை. ஒரே உலையில் எல்லோருக்கும் கஞ்சி. அந்த நாட்களில் கதவைத் திறந்துவிட்ட எவரும் கண்ணை மூடித் தியானம் பழகியவர் இல்லை. இரக்கம் தன்பாட்டில் வந்தது.

பிறகு ஏன் தியானம்?

இதைக் கேட்பவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். வடமராட்சியில் பாடசாலை ஆசிரியையாக இருந்தவள் நான். பிறகு உளவளத்துணைப் பயிற்சி பெற்று அந்த வேலையும் செய்தேன். ஓய்வுபெற்ற பின் சனிக்கிழமைகளில் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கொஞ்சப் பேரை இருத்தித் தியானம் பழக்கி வருகிறேன். நான் கண்டது இதுதான்: ஆபத்து வேளையில் பொங்குகிற இரக்கத்துக்குப் பயிற்சி தேவையில்லை. நாளாந்த இரக்கத்துக்குத்தான் தேவை. அன்று ஊருக்கே கஞ்சி வார்த்த கை, இன்று படுக்கையில் கிடக்கும் தாய் திரும்பத் திரும்ப "நேரம் என்ன பிள்ளை?" என்று கேட்டால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடிக்கிறது. மனம் கெட்டுப்போனதால் இல்லை, களைத்துப்போனதால். களைத்த மனதுக்கு எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. அந்த முகத்தைத் திரும்பவும் காணப் பழகுவதுதான் தியானம் என்று நான் விளங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு துண்டு புழுக்கொடியல்

எங்கள் சனிக்கிழமையில் பெரிய சடங்கு எதுவும் கிடையாது. முழங்கால் நோவு உள்ளவர்கள் கதிரையில், மற்றவர்கள் பாயில். ஒரு தாதி, ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பி, இரண்டு மூன்று ஓய்வூதியர்கள், வீட்டில் நோயாளரைப் பார்க்கும் பெண்கள் வருவார்கள். முதல் நாள் வருபவரின் கையில் ஒரு துண்டு புழுக்கொடியலைக் கொடுப்பேன்.

அமெரிக்காவில் மசாசுசெற்ஸ் மருத்துவக் கல்லூரியில் யோன் கபாட்-சின் என்பவர் 1979இல் நாட்பட்ட நோவால் வருந்தும் நோயாளருக்காகத் தியானப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். பௌத்த தியானத்திலும் யோகத்திலும் இருந்து எடுத்ததை, சமய அடையாளம் இல்லாமல், வைத்தியசாலைக்குள் கொண்டுவந்த முயற்சி அது. இன்று உலகமெங்கும் பேசப்படும் "மைண்ட்ஃபுல்னஸ்" பரவியதற்கு அது ஒரு முக்கிய காரணம். அந்தப் பயிற்சியின் தொடக்கத்தில் உலர்ந்த முந்திரிகைப் பழம் ஒன்றை மிக மெதுவாக உண்ணச் சொல்வார்கள். முந்திரிகை வத்தல் இரண்டு கடியில் முடிந்துவிடும். புழுக்கொடியல் அப்படி விடாது.

முதலில் அதைப் பார்க்கச் சொல்வேன்: அவித்துக் காய்ந்த பனங்கிழங்கின் மங்கிய நிறம், நீளவாக்கில் ஓடும் சுருக்கம். பிறகு முறிக்கச் சொல்வேன், சத்தம் கேட்கும். வாயில் வைத்தால் முதலில் ஒன்றுமே தெரியாது, மரக்கட்டை மாதிரித்தான் இருக்கும். சப்பச் சப்ப மா கரையும், இலேசான கசப்பும் அதற்குப் பின்னால் ஒரு இனிப்பும் வரும், கடைசியில் தும்பு மிஞ்சும். இத்தனையும் நடக்கும்போது மனம் எத்தனை இடத்துக்குப் போய் வந்தது என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஓட்டோத் தம்பி ஒருநாள் சொன்னார்:

"ரீச்சர், நான் அதுக்குள்ள நெல்லியடிக்குப் போய் லீசிங் காசு கட்டிப்போட்டு வந்திட்டன்."

அவர் மட்டுமில்லை. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் இரண்டு உளவியலாளர்கள் 2,250 பேரிடம் கைபேசி மூலம் நாளின் வெவ்வேறு வேளைகளில் "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே?" என்று கேட்டு, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி, அதாவது 46.9 வீதம், மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலையும் வேளையில் ஆட்கள் மகிழ்ச்சி குறைந்தும் இருந்தார்கள்.

தியானத்தின் முதற்பகுதி இந்த அலைச்சலோடு சண்டை பிடிப்பதில்லை. மூச்சு மூக்கு நுனியில் தொடுகிறது. அங்கே கவனத்தை வை. போய்விட்டது தெரிந்ததா? திரும்ப வா. போவது குற்றமில்லை. "போய்விட்டேன்" என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சி. புதிதாக வருகிறவர்கள் "எனக்கு மனம் நிக்குதே இல்லை" என்று கவலைப்படுவார்கள். நிற்கவில்லை என்று தெரிந்துகொண்டதே பெரிய காரியம். அதுவரை அதுகூடத் தெரியாமல்தானே இருந்தோம்.

பல் இறுகுவது தெரிந்த பிறகு

மூச்சைப் பார்ப்பதற்கும் அடுத்தவர்மேல் இரங்குவதற்கும் என்ன தொடுப்பு? எனக்கு இதைச் சரியாக விளக்கிச் சொன்னவர் எந்தப் பேராசிரியரும் இல்லை, மறதி நோய் வந்த தாயைப் பராமரிக்கும் ஓர் அக்கா.

"ரீச்சர், அம்மா கத்தத் தொடங்கினா முதல்ல என்ர பல்லுத்தான் இறுகுது. இவ்வளவு காலமும் அது எனக்குத் தெரியாது. இப்பதான் தெரியுது."

"தெரிஞ்ச பிறகு என்ன செய்யிறீங்கள் அக்கா?"

"ஒருக்கா மூச்சை விடுறன். பிறகு அவவின்ர முகத்தைப் பார்த்தா, அவ கோவத்தில கத்தேல்லை. பயத்தில கத்துறா."

இந்தச் சில வசனங்களுக்குள் முழு விஷயமும் இருக்கிறது. கோபம் சொல்லாக வாயில் வருமுன் உடம்பில் வந்துவிடும்: பல் இறுகும், தோள் உயரும், வயிறு பிசையும். தியானத்தில் உடம்பைக் கவனித்துப் பழகியவருக்கு இது முந்திப் புலப்படும். புலப்பட்டதும் ஒரு சிறிய இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் மூச்சை நீட்டி வெளிவிட்டால் உடலும் ஒத்துழைக்கும்; மெதுவான மூச்சு, குறிப்பாக நீண்ட வெளிமூச்சு, இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பு மண்டலப் பகுதியைத் தூண்டுகிறது. அப்போதுதான் எதிரில் இருப்பவரைப் பார்க்க முடிகிறது. கோபம் என்று நினைத்தது பயம் என்று தெரிந்துவிட்டால், இரங்கு என்று யாரும் கட்டளையிடத் தேவையில்லை. கை தானாகத் தலையைத் தடவும்.

கவனம் முதலில், கருணை பின்னால். அடுத்தவர் கதைக்கும்போது அடுத்த பதிலைத் தேடிக்கொண்டிருக்காமல் அவர் சொல்வதைக் கேட்டு முடிப்பதுகூட ஒரு தானம்தான். எங்கள் ஊர்களில் இன்றைக்குச் சோற்றுக்குத் தட்டுப்பாடு வந்தால் கொடுக்க ஆள் உண்டு. காது கொடுக்கத்தான் ஆளில்லை.

வேலிக்கு அப்பால் இருப்பவர்

பௌத்த மரபில் கருணையை நேரடியாகவே பழக்கும் ஒரு தியானமும் உண்டு. மைத்திரி, அதாவது மெத்தா தியானம் என்பார்கள். பேரன் பேத்தி போன்ற, நினைத்ததும் மனம் இளகும் ஒருவரை முதலில் நினைத்து, அவர் சுகமாக இருக்கட்டும், பயமின்றி இருக்கட்டும் என்று விரும்புவது. பிறகு அதே விருப்பத்தை நம்மை நோக்கித் திருப்புவது. அதன்பின் விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவர். நாங்கள் பெரும்பாலும் மீன் கொண்டுவரும் ஐயாவையோ பஸ் கொண்டக்ரரையோ எடுத்துக்கொள்வோம். கடைசியில் மனதுக்கு ஒவ்வாத ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கடைசி ஆளைத் தேடி அலையத் தேவையில்லை. வேலிக்கு அப்பால் இருப்பார். எல்லைக் கதியால் ஒரு முழம் தள்ளிப்போனதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் எங்களிடம் உண்டு. ஓர் ஓய்வூதியர் இந்தக் கட்டம் வந்ததும் எழும்பி நின்றுவிட்டார். "மீன்காரன் சுகமா இருக்கட்டும், கொண்டக்ரர் சுகமா இருக்கட்டும். ஆனா அவன் மட்டும் வேண்டாம் ரீச்சர்!" மண்டபமே சிரித்தது. அவரை நான் வற்புறுத்தவில்லை. பகையாளியை நினைக்கும்போது நெஞ்சு எப்படி இறுகுகிறது என்று மட்டும் பாருங்கோ, வாழ்த்து பிறகு பார்ப்போம் என்றேன். சில மாதம் கழித்து அவர் சொன்ன சேதி சிறியது: பக்கத்து வீட்டுப் பிரேத ஊர்வலம் வந்தபோது கேற்றை மூடிக்கொண்டு உள்ளே இருக்கவில்லையாம், வெளியே வந்து நின்றாராம். வழக்கு இன்னும் நடக்கிறது. எனக்கு அது போதும்.

கதிரையை யார் விட்டுக்கொடுத்தார்?

தியானம் செய்தவர் உண்மையிலேயே இரக்கமாக நடக்கிறாரா, அல்லது தான் இரக்கமானவர் என்று நினைத்துக்கொள்கிறாரா? இதைச் சோதிக்கப் பொஸ்டனில் உள்ள நோர்த்ஈஸ்டேர்ன் பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் டிஸ்டெனோவும் சகாக்களும் ஒரு சூழ்ச்சி செய்தார்கள். எட்டு வாரம் தியானம் பழகியவர்களும் பழகாதவர்களும் ஒவ்வொருவராக ஒரு காத்திருப்பு அறைக்கு வரவழைக்கப்பட்டார்கள். அங்கே மூன்று கதிரை. இரண்டில் ஏற்கெனவே ஆட்கள். அவர்கள் ஆய்வாளரின் கையாட்கள். மூன்றாவதில் வந்தவர் அமர்ந்ததும், ஊன்றுகோலோடு ஒரு பெண் நொண்டிக்கொண்டு வந்து, வலியோடு சுவரில் சாய்ந்து நிற்பார். முன்னிருந்த இருவரும் காணாததுபோல் இருப்பார்கள். தியானம் பழகாதவர்களில் 16 வீதமானோர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பழகியவர்களில் 50 வீதமானோர். 2013இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. கருணையைப் பேசிப் பழக்கிய வகுப்புக்கும் கவனத்தை மட்டும் பழக்கிய வகுப்புக்கும் வித்தியாசம் காணப்படவில்லை.

பருத்தித்துறை - யாழ்ப்பாணம் 750 பஸ்ஸில் காலை வேளையில் போய் வருபவர்களுக்கு இந்தச் சோதனை புதிதில்லை. பிள்ளையோடு ஒரு தாய் ஏறியதும் இருக்கையில் இருப்பவர்கள் சட்டென்று கைபேசியைக் குனிந்து பார்ப்பதை நாங்கள் தினமும் காண்கிறோம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காணாமல் இருக்கப் பழகிவிட்டார்கள்.

ஆனால் பொஸ்டன் ஆய்வில் பங்குபற்றியவர்கள் நாற்பது பேருக்கும் குறைவு. அதை வைத்துத் தியானம் செய்தால் உலகம் திருந்திவிடும் என்று சொல்ல முடியாது. 2018இல் ஊட்டே கிறெப்ளின் என்ற ஆய்வாளரும் சகாக்களும் இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். கருணை கூடுவதாகத் தெரிந்தது. ஆனால் தியானம் பழக்கிய ஆசிரியரே ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்த இடங்களில்தான் அந்த நன்மை தென்பட்டது என்று அவர்கள் எச்சரித்தார்கள். தன் கடைப் பண்டத்தைத் தானே நிறுத்தால் தராசு கொஞ்சம் சாயத்தான் செய்யும். மனப்பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு நிலைமை இதைவிட உறுதியானது. 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் உள்ளடக்கி 2014இல் வெளியான மீளாய்வு, தியானம் அவற்றைச் சிறிய அளவிலிருந்து மிதமான அளவுவரை குறைப்பதாகக் கண்டது. அதிசய மருந்து இல்லை. ஆனால் வெறும் பேச்சும் இல்லை.

தாதிமாருக்கும் உளவளத்துணையாளருக்கும் நான் தவறாமல் சொல்லும் ஆய்வு வேறொன்று. தானியா சிங்கர், ஒல்கா கிளிமெக்கி என்ற ஆய்வாளர்கள் நடத்தியது. அடுத்தவரின் துன்பத்தை அப்படியே தன்னுள் உணரும்படி முதலில் ஆட்களைப் பழக்கினார்கள். துன்பக் காட்சிகளைப் பார்த்தபோது அவர்கள் தாங்களும் கலங்கி நொந்தார்கள். பிறகு அதே ஆட்களுக்கு, துன்பப்படுபவர் நலமடைய வேண்டும் என்று விரும்பும் கருணைத் தியானத்தைப் பழக்கினார்கள். கலக்கம் குறைந்தது, இதமான உணர்வு கூடியது. மூளையிலும் இரண்டுக்கும் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்தன. கூட அழுவது ஒன்று, கூட நிற்பது இன்னொன்று. எல்லா வீட்டிலும் ஒரு துக்கம் இருக்கும் மண்ணில், கூட அழமட்டும் தெரிந்தவர் விரைவில் ஓய்ந்துபோவார்.

இந்த மண்ணில் இருந்தது

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகளை அவர்களுக்கு நினைவூட்டுவேன். 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். நல்லூர்த் தேரடியில் விசரரைப்போல் திரிந்த செல்லப்பா சுவாமியிடம் ஆட்பட்டு உத்தியோகத்தை விட்டார். கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தின் கீழ் நெடுங்காலம் இருந்தார், பிறகு ஒரு சிறு குடிலில். 1964 மார்ச்சில் சமாதியடையும்வரை வழக்கறிஞரும் கூலியாளும் அந்தக் குடிலின் பாயில்தான் ஒன்றாக அமர்ந்தார்கள். ஆளுநர் நாயகமாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகனும் வந்து சீடரானார்.

அவருடைய வழியில் 1935இல் தொடங்கிய சஞ்சிகையின் பெயர் "சிவதொண்டன்". 1953இல் வண்ணார்பண்ணையில் எழுந்த நிலையத்தின் பெயரும் சிவதொண்டன் நிலையம். மௌனம் காக்க வேண்டிய தியான இடத்துக்குத் தொண்டின் பெயர். இருப்பதும் உதவுவதும் இரண்டு வேறு காரியங்கள் என்று அவர்கள் எண்ணவில்லை.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் அதுதான். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்வார். அதே வளவில் மடங்களில் உலை ஓயாது. ஊர் அந்த முருகனை அன்னதானக் கந்தன் என்றுதான் அழைக்கிறது. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை நடத்திய சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி 2008இல் மறையும்வரை ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கான இல்லத்தைக் கோயிலின் வேலையாகவே கொண்டிருந்தார். தோலகட்டி என்றதும் எங்களுக்கு நெல்லிரசம் நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ள செபமாலைத் தாசர் ஆச்சிரமம், 1928இல் அருட்தந்தை தோமஸ் அடிகளால் தொடங்கப்பட்ட, மௌனமும் இடையறாத செபமும் கொண்ட கத்தோலிக்கத் தியானத் துறவற மடம்.

பௌத்த முறை என்றால் எங்கள் ஆட்கள் சிலருக்கு மனம் ஒப்புவதில்லை. காரணம் இருக்கிறது. போரோடும் இராணுவத்தோடும் காணிப் பிணக்கோடும் சேர்த்தே விகாரைகளைக் கண்ட தலைமுறை இது. அந்த மனக்கசப்பை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆயினும் கந்தரோடையின் தூபிகளும் மணிமேகலைக் காப்பியமும் எங்கள் சொத்தும்தான். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவு என்று அறிஞர் பலர் கருதுவர். ஞான வழியில் நின்றவளின் கையில் கிடைத்தது பசித்தவருக்குச் சோறிடும் பாத்திரம். பதஞ்சலியின் யோக சூத்திரமும் நட்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை என்று பௌத்தம் சொல்லும் அதே நான்கையும் மனம் தெளியும் வழியாகச் சொல்கிறது. அதன் எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவது. முதல் அங்கத்தின் முதற்படி பிற உயிரைத் துன்புறுத்தாமை. படியை விட்டு மேல்மாடிக்குத் தாவினால் விழத்தான் வேண்டும்.

போருக்குப் பிறகு

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், நெருக்கீட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவரவர் பழகிய வழியிலேயே மனதை ஆறவைக்கும் பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இசுலாமியருக்குத் தக்பீர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. இவற்றோடு பிராணாயாமமும் சாந்தி ஆசனமும். மருந்துக்குத் தட்டுப்பாடு, உளமருத்துவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அந்த நிலையில் கிராமத்துப் பாட்டிக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கியது பெரிய புத்தி. ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு மூச்சை விடுவதற்கு யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

2004 மார்கழி 26 சுனாமியில் மணற்காடு உட்பட வடமராட்சிக் கிழக்கின் கரையோரம் அழிந்தது. அதன்பின் சில வாரங்களுக்குள் வடகிழக்கில் அகதி முகாமொன்றில் 31 பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. கிளவ்டியா கத்தானி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2009இல் அதை வெளியிட்டார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகள் நடந்ததை ஆரம்பத்திலிருந்து கதையாகச் சொல்லி ஆற்றினார்கள். மறுபகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இரண்டும் ஆறு அமர்வுகள், நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான். எந்தச் சிகிச்சையும் பெறாத பிள்ளைகளோடு ஒப்பிடவும் இல்லை. ஆனாலும் எங்கள் கரையில், எங்கள் பிள்ளைகளிடம், எங்கள் மொழி பேசுகிறவர்கள் செய்தது என்பதால் எனக்கு அது மற்ற எல்லா ஆய்வையும் விடக் கிட்டியது.

எங்கே நிறுத்த வேண்டும்

தியானம் எல்லோருக்கும் எந்நேரமும் பொருந்தாது. அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்து வில்லபி பிறிற்றனும் ஜாரெட் லிண்டாலும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தியானத்தின்போது சிலருக்குப் பயமும் பழைய வடுக்களும் கிளம்புவதை விரிவாகப் பதிவு செய்தது. எங்களுக்கு அது ஆச்சரியமில்லை. போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த ஒரு தாய் முதல் நாளே சொன்னார்:

"ரீச்சர், கண்ணை மூடினா எனக்கு ஷெல் சத்தம்தான் கேக்குது."

"அப்ப மூட வேண்டாம் அம்மா. கண்ணைத் திறந்துகொண்டு, கால் நிலத்தில முட்டுறதை மட்டும் பாருங்கோ. அதுவும் ஏலாட்டி எழும்பி முற்றத்தில நடவுங்கோ."

அவர் அப்படித்தான் இன்றும் பழகுகிறார், நடந்துகொண்டு. நித்திரை குழம்பினால், உயிரை மாய்க்கும் நினைப்பு வந்தால், இல்லாத குரல் கேட்டால், தியானத்தை நிறுத்திவிட்டு வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போக வேண்டும். குளிசை எடுப்பவர்கள் தியானத்தை நம்பிக் குளிசையை நிறுத்தக் கூடாது.

இன்னொரு எல்லையும் உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளை எங்கே என்று கேட்பவளிடம் "எல்லாத்தையும் விட்டிட்டுத் தியானம் செய்யுங்கோ அம்மா" என்று சொல்வது கொடுமை. உலகில் கெடுதல் என்று ஒன்றுமே இல்லை என்ற பொருள்படச் செல்லப்பா சுவாமி உரைத்தது, அவரவர் தன் உள்ளத்துக்குள் சோதித்துப் பார்க்க வேண்டியது. அடுத்தவரின் வாயை அடைக்க அதை எடுக்கக் கூடாது. கருணை என்றால் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் போய் இருப்பது. முடிந்தால் அவர் கேட்கும் கேள்வியைச் சேர்ந்து கேட்பது. பொறுத்துப்போகச் சொல்லிக் கொடுக்கிற தியானம் யாருக்கு வசதி என்று ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம்.

தொடங்குவதற்கு

பத்து நிமிடம் போதும். விடிய எழும்பி, கைபேசியைத் தொடுமுன் செய்வது நல்லது. அந்த நேரம் வாய்க்காதவர்கள் பின்னேரம் விளக்கு வைத்த பிறகு செய்யலாம். கதிரையில் இருந்தால் பாதம் நிலத்தில் படட்டும், முதுகு நிமிரட்டும், விறைக்க வேண்டாம். மூச்சை மாற்றாமல் சில நிமிடம் பாருங்கள். மனம் அடுப்படிக்கோ வங்கிக்கோ கனடாவில் இருக்கும் மகனிடமோ போகும். போனது தெரிந்ததும் வைது கொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். ஐந்தெழுத்தோ செபமாலையோ பழக்கமானவர்கள் அதையே மூச்சோடு சேர்க்கலாம். கடைசி இரண்டு நிமிடம், அன்றைக்கு நீங்கள் சந்திக்கப்போகும் ஒருவரை நினைத்து அவர் நலமாயிருக்க விரும்புங்கள். விருப்பமான ஆளில் தொடங்குங்கள். வேலிக்கு அப்பால் இருப்பவரை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பகலில் ஒரே ஒரு வேலையை முழுக் கவனத்தோடு செய்யத் தெரிந்தெடுங்கள். முற்றம் கூட்டுவதோ, கிணற்றில் அள்ளுவதோ, நோயாளிக்குச் சோறு ஊட்டுவதோ எதுவாயினும் சரி. ஊட்டும்போது கரண்டியைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். விழுங்கி முடித்துவிட்டாரா என்பது அங்கேதான் தெரியும்.

மனம் அடங்கிவிட்டதா, ஒளி தெரிந்ததா என்று தங்களைத் தாங்களே சோதிப்பவர்கள் பலர். அந்தப் பரீட்சைக்கு உங்களை நீங்களே புள்ளியிட வேண்டாம். கொஞ்ச மாதம் போனபின் வீட்டில் உள்ளவரைக் கூப்பிட்டு இருத்தி, "என்னில ஏதாவது மாற்றம் தெரியுதே?" என்று கேளுங்கள். மனைவியோ மகளோ மாமியோ, உண்மை சொல்லக்கூடிய ஆளாக இருக்கட்டும். "ஒண்டும் மாறேல்லை" என்று அவர் தொடங்கி, பழைய குறையெல்லாம் ஒன்றொன்றாக எடுத்து வைக்கக்கூடும். அதை இடையில் வெட்டாமல் கடைசிவரை கேட்டு முடித்தீர்களானால், அவர் சொன்னது அவ்வளவு சரியில்லை.